முப்பத்தேழு சதவீதம்

"உங்கள் கணினி இதற்குத் தகுதி பெறவில்லை"
என்றது திரை,
பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் போன் செய்யும் குரலில்.
பதினோரு வருசம்
ரப்பர் ஷீட்டு, ஒட்டுப்பால், சிட்டிக் கணக்கு,
பிள்ளையின் ஹோம்வொர்க்
எல்லாம் சுமந்த பெட்டி.
ஏதோ ஒரு சில்லு இல்லையாம் அதற்குள்.

சார்ஜாவிலிருந்து ரெஜி சொன்னார்:
"சவத்தைத் தூக்கிப் போடு, புதுசு வாங்கலாம்."
அவர் புதுசு வாங்கலாம் என்றால்
அடுத்த லீவு ஆறு மாசம் தள்ளிப்போகும்.
வேண்டாம் என்றேன்.

குறுக்குவழி உண்டு என்றாள் அருமனை அக்கவுண்டன்ட் ஷைனி.
அழுத்தினேன்.
"அணைத்துவிட வேண்டாம்" என்ற எழுத்துக்குக் கீழே
ஒரு வட்டம், சுற்றத் தொடங்கியது.
மரச்சீனி அவித்து இறக்கினேன்: முப்பத்தேழு.
மீன் கழுவி முடித்தேன்: முப்பத்தேழு.
வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது,
சம்பளம் வாங்கும் ஆள் போல.

அப்புறம் மழை. கரண்ட் போனது.

பனச்சமூட்டில் சாலைக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் கேரளம்.
சுகதன் பேக்கரியில் லைட் எரிகிறது,
ஃபேன் சுற்றுகிறது,
கண்ணாடி அலமாரிக்குள் பழம்பொரிக்குக்கூட ஒரு பல்பு.
இங்கே யுபிஎஸ் நாலு நிமிசம் கீச்சிட்டுச்
செத்தது.
ஒரே ஒரு வயர், முப்பதடி.
கல்யாணமாகி வந்த நாளிலிருந்து
அந்த எல்லைக்கோட்டோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.
அன்றைக்கு வந்தது.

ஒன்பது மணிக்குக் கண் திறந்து
"மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்றது.
நள்ளிரவு தாண்டிப் பழையதே வந்தது,
பிரிண்டரை மட்டும் மறந்துவிட்டு.

வெள்ளறடையிலிருந்து அஜின் வந்தான்,
நனைந்த சட்டைப்பையில் பென் டிரைவ்.
"சேச்சி, இதுக்கு பைசா வேண்டா. வைரசும் வராது."
பென்குவின்.
பனிநாட்டுப் பறவை இந்த ஐப்பசி ஈரத்தில்
என்ன பாடுபடப்போகிறதோ என்று நினைத்தேன்.
இருபது வினாடியில் எழுந்து உட்கார்ந்தது.
உள்ளே இரைந்துகொண்டிருந்த காற்றாடி
எப்போது அடங்கியது என்றே தெரியவில்லை.

ஆனால் கடவுச்சொல் கேட்கிறது,
அடித்தால் ஒரு புள்ளிகூடக் காட்டுவதில்லை.
காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாமல்
மூன்று முறை அடித்தேன்.
மூன்றும் தப்பு என்றது.

பழைய எழுத்துருவில் நான் அடித்து வைத்த பில்களைத் திறந்தால்
ஒட்டுப்பாலுக்குக் கொம்பு முளைத்திருக்கிறது,
ஜஸ்டஸ் அண்ணன் பெயருக்கு
முன்னும் பின்னும் வால்.
எண்கள் மட்டும் தப்பின.
பதினாலு கிலோ, பதினாலு கிலோவாகவே இருந்தது.
கணக்கு மென்பொருளோ
இந்த வீட்டுக்குள் கால் வைக்கமாட்டேன் என்றது.

"எங்கில் ரெண்டும் இருக்கட்டு" என்று
அஜின் வட்டின் நடுவே ஒரு கோடு போட்டான்.
சிரிக்கவில்லை அவன். நானும்.
கட்டன் குடித்துவிட்டுப் போனான்.

இப்போது சுவிட்சைப் போட்டதும் கேட்கிறது:
எது வேண்டும்?
பத்து வினாடி தருகிறது.
கணக்கு என்றால் பழையது,
ரெஜியோடு வீடியோவில் பேச என்றால் புதியது.
பழையதற்கு அக்டோபரோடு காவல் இல்லை என்கிறார்கள்.
புதியதற்கு ஜஸ்டஸ் அண்ணனைத் தெரியாது.

ஒன்பது, எட்டு.
ஓட்டின் மேல் சடசடவென்று விழுந்தது.
முற்றத்துக் கொடியில் முப்பது ஷீட்டு.
ஓடினேன்.

திரும்பி வந்தபோது
முதல் வரியில் இருந்ததைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு
பறவை உட்கார்ந்திருந்தது.
சரி, பில் நாளைக்கு.

போனில் ரெஜி:
"புதுசு பார்த்தாச்சா?"
கை முழுக்கப் பால்நாற்றமும் மழையும்.
காயட்டும், பிறகு அடிக்கிறேன்.